படுத்தும் தூக்கம் வராத தம்பிக்கு

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள தம்பி,

"படுத்தா மண்டைக்குள்ள ஆபீஸ்தான் ஓடுதும்மா" என்று சொன்னாயே, அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சயாம் கோயிலுக்கு எதிரே 1803-லிருந்து இருக்கிற பர்மாப் புத்தர் கோயில் உனக்குத் தெரியும். அந்த பர்மாவில் மகாசி சயாடோ (1904–1982) என்ற பிக்கு பரப்பிய விபாசனா தியானத்தைத்தான் நான் காலையில் செய்கிறேன். உடம்பிலும் மனசிலும் நடப்பதை அப்படியே கவனிப்பதுதான் அது. தண்ணீர்மலை முருகனை விட்டுவிட்டேனோ என்று பயப்படாதே. இதற்கு மதம் மாற வேண்டியதில்லை.

நாற்காலியிலேயே உட்காரலாம், முதுகு நிமிர்ந்திருந்தால் போதும். மூச்சு உள்ளே போகும்போது வயிறு எழும்பும். மனசுக்குள் "எழும்புது" என்று சொல்லிக்கொள். இறங்கும்போது "இறங்குது". மூச்சை இழுத்துப் பிடிக்காதே, அது பிராணாயாமம். இரண்டு மூச்சு போவதற்குள் ஆபீஸ் வந்து நிற்கும். விரட்டாதே. "நினைக்குது, நினைக்குது" என்று குறித்துவிட்டு வயிற்றுக்குத் திரும்பு. எத்தனை தடவை ஓடினாலும் திரும்பு. ஓடிவிட்டது என்று தெரிகிற அந்த நொடிதான் பயிற்சியே.

கொஞ்ச நேரத்தில் முட்டி வலிக்கும். உடனே காலை மாற்றாமல் அந்த வலியைப் பார். சூடு, குத்தல், இறுக்கம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். ஒன்று ஏறும், ஒன்று தேயும், எதுவும் அப்படியே நிற்காது. கவலையும் இப்படித்தான், தம்பி. நெஞ்சில் ஓர் அடைப்பு, வயிற்றில் ஒரு பிசைவு, "நாளைக்கு மேனேஜர் என்ன சொல்வாரோ" என்று ஒரு வாக்கியம். பிரித்துப் பார்த்தால் அவ்வளவுதான். இந்த மாற்றத்தை நீயே கண்ணால் காண்பதுபோல் காண வேண்டும், அமைதி அதன் பின்னாலேயே வரும். உடல், உணர்ச்சி, மனம், தம்மங்கள் (மனசில் வந்துபோகிற விஷயங்கள்) என்று நான்கையும் கவனிக்கச் சொல்கிறது புத்தரின் சதிபட்டான சூத்திரம். நீ இப்போதைக்கு உடலோடு நில்.

உட்கார முடியாத நாளில் அறைக்குள்ளேயே மெதுவாக நட. பாதம் தூக்குவது, நகர்வது, தரையில் படுவது, மூன்றையும் தெரிந்து நட.

உன் நண்பன் சொன்ன, கோயங்கா என்ற விபாசனா ஆசிரியரின் முறையில் நடக்கும் பத்து நாள் தியான முகாமுக்கு இப்போது போகாதே. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிப்பார்கள், நான்காம் நாள்தான் விபாசனா தொடங்கும். பேச்சும் கிடையாது, போனும் கிடையாது. நல்ல முகாம்தான். ஆனால் தூக்கம் கெட்ட உடம்போடு அதில் நேரே இறங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. தூக்கம் இப்படியே போனால் முதலில் டாக்டரைப் பார். தியானம் செய்கிறேன் என்று அதைத் தள்ளிப்போடாதே.

காலையில் பத்து நிமிடம் போதும். கட்டிலில் உட்காராதே, தூங்கிவிடுவாய். தீபாவளிக்கு வரும்போது கிரீன் லேனில் இருக்கும் மலேசிய பௌத்த தியான மையத்துக்குச் சேர்ந்து போவோம். அங்கேயும் மகாசி முறைதான், சந்தேகங்களை நீயே கேட்டுக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா