பெல்ஃபாஸ்ட் செல்டிக்கின் பெயரை வின்ட்சர் பார்க்கில் சொல்லுங்கள்

ஐரிஷ் கால்பந்து சங்கத்தின் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 1949-இல் ஐரிஷ் லீக்கிலிருந்து விலகி, அதன்பின் திரும்பி வராமலே போன, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்பந்து அணியான பெல்ஃபாஸ்ட் செல்டிக் கழகத்தைப் பற்றித் தங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். அக்கழகத்தின் முடிவில் அன்றைய கால்பந்து நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு என்பதே என் கருத்து. ஆகவே அதன் நினைவைக் காக்கும் கடமையை ரசிகர்களிடம் மட்டும் விட்டுவிடாமல், சங்கமும் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1891-இல் மேற்கு பெல்ஃபாஸ்டில் தோன்றிய இக்கழகம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துச் செல்டிக்கைப் பார்த்துத் தன் பெயரை வைத்துக்கொண்டது. டோனிகால் சாலையில் இருந்த அதன் மைதானமான செல்டிக் பார்க்கை ரசிகர்கள் ‘சொர்க்கம்’ என்றே அழைத்தார்கள். பதினான்கு முறை லீக் பட்டம், எட்டு முறை ஐரிஷ் கோப்பை. இவற்றுள் 1926 முதல் 1929 வரை தொடர்ந்து வென்ற நான்கு பட்டங்களும், லிவர்பூலின் புகழ்பெற்ற கோல்கீப்பராக இருந்த எலைஷா ஸ்காட் மேலாளராக வந்தபின் 1936 முதல் 1940 வரை தொடர்ந்து வென்ற ஐந்து பட்டங்களும் அடங்கும். ரசிகர்களில் பெரும்பாலோர் ஃபால்ஸ் சாலைப் பகுதியின் கத்தோலிக்க உழைப்பாளிகள். ஆனால் ஆட்டக்காரரைச் சேர்க்கும்போது கழகம் மதம் பார்க்கவில்லை. ஸ்காட்டே புராட்டஸ்டண்ட்தான். மத அடிப்படையில் தெருக்களே பிரிந்து கிடந்த ஊரில், இதை நான் அதன் பட்டங்களைவிடப் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

அந்த ஊரின் கலவரம் மைதானத்துக்குள்ளும் வந்தது. 1920 மார்ச் 17 அன்று, அதே நகரத்தின் மற்றொரு கழகமான கிளென்டோரனுடன் நடந்த கோப்பை அரையிறுதியின் மறு ஆட்டத்தில், பார்வையாளர் கூட்டத்திலிருந்து துப்பாக்கி வெடித்ததால் ஆட்டம் நின்றது. அவ்வாண்டு நகரெங்கும் வன்முறை பரவியதும் கழகம் லீக்கை விட்டு ஒதுங்கி, 1924-இல்தான் திரும்பியது. அப்படி ஒருமுறை போய் மீண்டு வந்த கழகம், இரண்டாம் முறை ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1948 டிசம்பர் 27. எதிரணி, புராட்டஸ்டண்ட் ரசிகர்கள் மிகுந்த பெல்ஃபாஸ்ட் கழகமான லின்ஃபீல்டு; இடம் அதன் மைதானமான வின்ட்சர் பார்க். முதல் பாதியில் செல்டிக்கின் இளம் முன்கள வீரர் ஜிம்மி ஜோன்ஸும் லின்ஃபீல்டின் பாப் பிரைசனும் பந்துக்காக மோதிக்கொண்டதில் பிரைசனின் கணுக்கால் முறிந்தது. அது தற்செயலான மோதல். இடைவேளையில், பிரைசனின் எலும்பு முறிந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அந்த அறிவிப்பே போதுமானதாக இருந்தது. இரண்டாம் பாதியில் இரு தரப்பிலும் ஆட்டக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இறுதிக் கட்டத்தில் ஹாரி வாக்கர் பெனால்டியில் செல்டிக்கை முன்னிலைக்குக் கொண்டுவர, முடிவதற்குச் சில நிமிடங்களே இருக்கையில் லின்ஃபீல்டின் பில்லி சிம்ப்சன் சமன் செய்தார். ஆட்டம் 1-1 என முடிந்தது. நடுவரின் விசில் ஒலித்ததும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. உடைமாற்றும் அறையை நோக்கி ஓடிய ஜோன்ஸைத் துரத்திப் பிடித்து, ஓரச் சுவருக்கு அப்பால் ரசிகர்கள் நிற்கும் படிகளில் தள்ளி, விழுந்தவரை மிதித்துக் காலை முறித்தார்கள். ஆட்டம் பார்க்க வந்திருந்த வேறொரு அணியின் கோல்கீப்பர்தான், ஜோன்ஸ் தன் நண்பர் என்பதால், இடையில் புகுந்து அவரைக் காப்பாற்றினார். ஜோன்ஸும் புராட்டஸ்டண்ட் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் அணிந்திருந்த சட்டை ஒன்றே அன்று அடிப்பதற்குக் காரணமாகிவிட்டது.

மைதானத்தில் காவலர்கள் இருந்தார்கள். இருந்தும் ஓர் ஆட்டக்காரரைப் பத்திரமாக அறைக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. பிறகு வந்த நடவடிக்கையோ, வின்ட்சர் பார்க்கைச் சிறிது காலம் மூடியதோடு சரி. தங்கள் ஆட்டக்காரர்களின் உயிருக்கு இங்கே உத்தரவாதம் இல்லை என்று செல்டிக்கின் இயக்குநர்கள் முடிவுசெய்ததில் வியப்படைய என்ன இருக்கிறது? அந்தப் பருவத்தின் ஆட்டங்களை ஆடி முடித்துவிட்டுக் கழகம் விலகியது.

வலு குன்றி விலகிய அணியாக அதை யாரும் எண்ணிவிடக் கூடாது. விலகிய கையோடு வட அமெரிக்கா சென்ற அந்த அணி, 1949 மே 29 அன்று நியூயார்க்கில், அவ்வாண்டு பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றிருந்த ஸ்காட்லாந்து தேசிய அணியையே 2-0 என்று வீழ்த்தியது. இரண்டு கோல்களையும் அடித்தவர் ஜானி கேம்ப்பெல். இவ்வளவு வலுவான அணியை லீக்கில் இருத்திக்கொள்ள அன்றைய நிர்வாகம் போதிய முயற்சி எடுக்கவில்லை என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஜோன்ஸ் மீண்டு வந்து கிளெனேவன் கழகத்துக்காகக் கோல்களைக் குவித்தார். வட அயர்லாந்துக்காகவும் ஆடினார். ஆனால் செல்டிக் மீளவில்லை. 1927-இல் அயர்லாந்தின் முதல் வேட்டைநாய்ப் பந்தயம் நடந்ததும் செல்டிக் பார்க்கில்தான். கால்பந்து போனபின் அந்தப் பந்தயங்களே அதை வாழவைத்தன. 1980களில் அதுவும் இடிக்கப்பட்டு அங்கே வணிக வளாகம் எழுந்தது. கழகத்தின் அன்பர்கள் அந்த வளாகத்துக்குள்ளேயே சிறு அருங்காட்சியகம் அமைத்து நினைவைக் காத்து வருகிறார்கள்.

தங்களிடம் நான் கேட்பவை இரண்டு. ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸுக்கு அடுத்து லின்ஃபீல்டும் கிளென்டோரனும் மோதுவது மரபாக இருக்கிறது. அந்த ஆட்டம் வின்ட்சர் பார்க்கில் நடக்கும் ஆண்டுகளில், தொடங்குமுன் பெல்ஃபாஸ்ட் செல்டிக்கின் பெயரையும் ஜிம்மி ஜோன்ஸின் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். இதற்காக லின்ஃபீல்டு கழகத்துடனும் லீக்கை நடத்துவோருடனும் தாங்களே பேச வேண்டும். வலி தரும் நினைவை இன்றைய இளைஞர் மீது சுமத்துவானேன் என்று சிலர் கேட்கலாம். பழிகூறும் சொல் ஒன்றும் அதில் வேண்டாம். அன்று என்ன நடந்தது என்பதை இரண்டு வாக்கியங்களில் சொன்னால் போதும். அடுத்து, 1948-49 பருவத்தில் இவ்விவகாரம் பற்றிச் சங்கமும் லீக்கும் நடத்திய கூட்டங்களின் குறிப்புகளையும், கழகத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்தையும், கையிலுள்ள அளவுக்கு, எவரும் எளிதில் படிக்கும்படி வெளியிடுங்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தமிழ்க் கால்பந்து ரசிகன்