பூஞ்சை ஊசியின் விலை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"வெளியே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பூஞ்சை ஊசியை கோரிப்பாளையத்தில் ஒரு கடை ஆயிரக்கணக்கில் விற்கிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. கடைப் பெயர் அதில் இல்லை. ஆனாலும் யாரைச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு பலர் நேரில் வந்து கேட்டீர்கள். அப்படிக் கேட்டதற்கு முதலில் நன்றி.

வெளியே கிடைக்கும் விலை குறைந்த பழைய வகை, நாங்கள் விற்கும் லிப்போசோமல் வகை, இரண்டு குப்பியிலும் ஆம்போடெரிசின் பி, 50 மில்லிகிராம் என்றுதான் அச்சிட்டிருக்கும். மருந்து ஒன்றுதான், தயாரிப்பு வேறு. இது தண்ணீரில் கரையாத மருந்து. 1950களின் கடைசியிலிருந்து இருக்கும் பழைய வகையில், டிஆக்சிகோலேட் என்ற பித்த உப்பைச் சேர்த்துக் கரைய வைக்கிறார்கள். பூஞ்சையை நன்றாகவே கொல்லும். கூடவே குளிர் நடுக்கம் வரும், பொட்டாசியம் இறங்கும், சிறுநீரகம் அடிபடும். லிப்போசோமல் வகையில் அதே மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் பொதித்திருப்பார்கள். சிறுநீரகத்துக்குப் பாதிப்பு குறைவு என்பதால் கூடுதல் அளவு ஏற்ற முடிகிறது. கருப்புப் பூஞ்சைக்கு எடையில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். 60 கிலோ எடை உள்ளவருக்குக் குறைந்தது 300 மில்லிகிராம், அதாவது நாளுக்கு 6 குப்பி. பில் ஏறுவது இங்கேதான்.

பழைய வகையை இதே கணக்கில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதன் உச்ச அளவே நாளுக்குக் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம்தான். டாக்டர் சீட்டில் லிப்போசோமல் என்று எழுதியிருக்கும்போது விலை குறைந்ததை மாற்றிக் கொடுக்கச் சட்டத்திலும் இடமில்லை, எனக்கும் மனம் வராது. இதைக் கொள்ளை என்று எழுதியதுதான் வலிக்கிறது.

போசகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தின் மாத்திரைக்குப் பதில் சிரப் கேட்பவர்களை டாக்டரிடம் திருப்பி அனுப்புவதும் இதனால்தான். இரண்டுக்கும் அளவு வேறு. சிரப்பைச் சாப்பாட்டோடு, அதுவும் கொழுப்புள்ள சாப்பாட்டோடு குடித்தால்தான் உடம்பில் சேரும். அப்புறம், ஆம்போடெரிசினோடு சலைன் பாட்டில் கேட்டால் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை நீர்தானா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளச் சொல்வோம். உப்பு நீரான சலைனில் கலந்தால் மருந்து திரிந்துவிடும்.

2021 மே, ஜூனில் இந்த ஊசியை மத்திய அரசு மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. கடைகளில் கிடைக்காத அந்த நாட்களில், "இல்லை" என்று நாங்கள் சொன்னதை நம்பி, கோபப்படாமல் போனவர்கள் நீங்கள். அந்த நம்பிக்கைதான் இன்றும் கடையை நடத்துகிறது. மனமார்ந்த நன்றி.

குளிர்பெட்டி மருந்து என்பதால் இனி லிப்போசோமல் ஆர்டருக்கு முழுப் பணமும் முன்கூட்டியே வாங்குகிறோம், விற்ற குப்பியைத் திரும்ப எடுப்பதில்லை.

பழைய பில்லில் சந்தேகம் இருந்தால் டாக்டர் சீட்டோடு கொண்டு வாருங்கள். எந்த வகை, எத்தனை குப்பி, அச்சிட்ட விலை என்ன என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்