மிஷின் ஓடாத நாளில் ஒரு போன் போடுங்கள்

மாவட்ட மருத்துவத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

போன வாரம் எங்கள் தெரு அக்கா ஒருவரை உங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் (சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை மிஷினில் சுத்தம் செய்வது) செய்யாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. பிளான்ட் பழுதாம். இருட்டோடு கிளம்பி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். இது உங்களுக்குப் புதிய செய்தி இல்லை. பலர் எழுதிக் கொடுத்ததுதான்.

என் அப்பாவுக்கும் இதே நடந்தது. அப்பா நாட்டுப்படகுக்காரர். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்ற பிறகு வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் மிஷினில் கிடந்தார். மிஷின் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடது கையால் வலை இழுக்கக் கூடாது என்றார்கள். சரி என்று கரையில் உட்கார்ந்து, ஊரார் வலையை எல்லாம் பழுதுபார்த்துக் கொடுத்தே எங்களைப் படிக்க வைத்தார். அம்மாவைத் துணைக்கு வரவிட மாட்டார். “நீ பாசி எடுக்கப் போ, அந்தக் கூலி போனா வராது” என்பார். காலையில் எழுந்ததும் தம்பியைக் கூப்பிட்டு அந்தக் கையில் காதை வைக்கச் சொல்வார். அதில் ரத்தம் ஓடுவது தூரத்தில் படகு எஞ்சின் ஓடுகிற மாதிரி கேட்கும்.

“ஓடுதா?”

“ஓடுதுப்பா.”

அப்புறம்தான் டீ, அதுவும் அரை டம்ளர். தண்ணீர், டீ, குழம்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டருக்குள். கருவாடு அறவே கூடாது, மீன்காரர் வீட்டில்!

திருப்பி அனுப்பிய அன்று யாரோடும் சண்டை போடாமல் வந்துவிட்டார். ராத்திரிதான் தெரிந்தது. உடம்பில் தங்கிய நீர் நுரையீரலில் ஏறினால் படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, உட்கார்ந்தபடியே விடிய விடிய மூச்சு வாங்கினார். ஈரத் துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டாரே தவிர ஒரு வாய் குடிக்கவில்லை. அந்த நிலையிலும், “தூங்குங்கடா, காலையில பள்ளிக்கூடம்” என்றார். விடிந்ததும் கடன் வாங்கி, கார் வைத்து மதுரைக்குக் கொண்டுபோனோம்.

அப்பா இறந்தது அதற்கும் பிறகு, மாரடைப்பில். அதற்கு உங்கள் மேல் பழி போட வரவில்லை. அந்த ஒரு ராத்திரிக்குத்தான் கணக்குக் கேட்கிறேன்.

மிஷின் என்றால் பழுதாகும். ஒருவருக்கு ஒரு தடவை செய்யவே ஏறக்குறைய 120 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். குடிதண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற மாவட்டத்தில் அது லேசில்லை. பழுதானதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. பழுது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்கிறேன்.

வங்கக்கடலில் எங்கோ புயல் சின்னம் உருவானாலே பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிடுகிறது. கடலுக்குப் போகாதே என்று மீன்பிடி அனுமதி டோக்கனை நிறுத்திவிடுகிறார்கள். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற காற்றுக்குத் தகவல் வருகிறது, ஆஸ்பத்திரிக்குள்ளே நின்றுபோன மிஷினுக்கு வருவதில்லை. 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்கிறது. மருத்துவமே தேடி வரும்போது ஒரு போன் வரக் கூடாதா? ரீசார்ஜ்தான் பிரச்சினை என்றால் சொல்லுங்கள், ஊரில் வசூல் பண்ணித் தருகிறோம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அப்பாவுக்குக் காசு வாங்காமல்தான் செய்தீர்கள். அங்கிருந்த நர்சுகளை எங்கள் வீட்டில் இன்றும் நல்லபடியாகத்தான் பேசுகிறோம். மிஷின் ஓடாது என்று தெரிந்த உடனே, முதல் பஸ் கிளம்பும் முன்பு, நோயாளிக்கு ஒரு போன் போடுங்கள். அன்றைக்கு வேறு எந்த ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். எல்லோருடைய நம்பரும் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. யார் போன் செய்ய வேண்டும் என்று ஒருவரைப் பொறுப்பாக்கினால் போதும். அந்த அக்காவுக்கு வியாழக்கிழமை மறுபடி டயாலிசிஸ். தயவுசெய்து அதற்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
நாட்டுப்படகுக்காரர் ஒருவரின் மகள்