கடைமடைக்கும் தண்ணீர் போகணும்

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். பேரன் போனில், "உங்க அப்பா என்ன வேலை பார்த்தாங்க தாத்தா?" என்று கேட்டான். விவசாயம் என்று சொன்னேன். அதோடு விட எனக்கு மனசில்லை. நீ அவனுக்கு வாசித்துக் காட்டத் தோதாக இதை எழுதுகிறேன்.

ஐயா உழுதது சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய் பாய்கிற வயல். ஜூனில் பாபநாசம் அணை திறந்தால் கார் என்கிற நெல் போகம், ஐப்பசி மழையை நம்பிப் பிசானம் என்கிற அடுத்த போகம். எங்கள் வீட்டுக் கல்யாணம், படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் இந்த இரண்டு பூவை வைத்துத்தான் நடந்தது. அவர் பட்ட பாட்டை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வரப்பில் ஒரு நண்டு வளை கண்ணில் பட்டாலும் மண்ணை வெட்டிப் போட்டு, மிதித்து அடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. சில வருஷம் காருக்குத் தண்ணீர் பற்றாது. எங்கள் வயல் மடைக்குப் பக்கம். நினைத்தால் முழுவதும் நடலாம், கேட்க ஆளில்லை. ஐயா பாதியைத் தரிசாகப் போட்டுவிடுவார். என் அம்மா, உன் ஆச்சிக்கே அதில் கோபம் வரும். "முழுசும் நட்டா கடைமடைக்காரன் என்னத்த நடுவான்? அவனுக்கும் புள்ளைகுட்டி இருக்குல்லா" என்பார். முறைத் தண்ணீர் வருகிற ராத்திரியில் டார்ச் லைட்டோடு கால்வாய்க் கரையில் இருப்பார். தன் முறை முடிந்ததும் வயலுக்குத் தண்ணீர் வருகிற வாமடையைத் தானே அடைத்து, கீழ்வயல்காரரை எழுப்பிச் சொல்லிவிட்டு வருவார். தண்ணீருக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை, தாயி.

வீட்டிலும் அதே ஆள்தான். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986-ல் அம்பை 16 என்கிற நெல் ரகம் வந்தது. நல்லா விளையுது என்று எல்லாரும் சொன்னார்கள். ஐயா முதலில் ஒரே ஒரு வயலில் நட்டார். அந்த அரிசியில் ஆச்சி இட்லி அவித்து, நல்லாருக்கு என்று சொன்ன பிறகுதான் அடுத்த காருக்கு மற்ற வயலுக்கும் அந்த விதையைப் பாவினார். ஆச்சியைக் கேட்காமல் அவர் விதை மாற்றி நான் பார்த்ததில்லை.

உன் அத்தை பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தாள். பொம்பளப் பிள்ளையை எதற்கு அவ்வளவு தூரம் அனுப்புகிறாய் என்று பெரியவர்களே கேட்டார்கள். ஐயா பதில் பேசவில்லை. ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் அரிசி மூட்டையையும் உளுந்தையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வீட்டில் இறக்கிவிட்டு வருவார். தங்குகிற இடத்தில் தன் பிள்ளை யாருக்கும் பாரமாகத் தெரியக்கூடாது என்பது அவர் எண்ணம். அத்தை டீச்சராகி வாங்கிய முதல் சம்பளத்தில் ஐயாவுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு அவர் வயலுக்குப் போனதே இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் ஓய்வே எடுக்காததை எல்லாரும் பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. முட்டி வீங்கின பிறகும் சேற்றுத் தொளிக்குள் இறங்கினார். ஆச்சியோடு உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட நாள் குறைவு. மாப்பிள்ளையிடமும் இதைச் சொல், ராத்திரி பகல் பார்க்காமல் கம்ப்யூட்டர் முன்னாலேயே இருக்க வேண்டாம் என்று.

2023 டிசம்பர் வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் சொன்னார்கள். நம் பக்கம் நடவு முடிந்த வயலெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. ஐயாவுக்கு அப்போது நடக்கவே முடியாது. பயிர் என்னாச்சு என்று கேட்பார், எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டு இருந்தேன். "நடவுக்கு வார பொம்பளைக வீடெல்லாம் சரியா இருக்கா? போய்ப் பாத்துட்டு வா" என்றுதான் முதலில் கேட்டார். பயிரைப் பற்றி மறுநாள்தான் பேசினார்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவர் வயல் பக்கமே போகமாட்டார். பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்கு வீட்டில் எல்லாரும் வந்தாகவேண்டும், அறுப்பு பாதியில் நின்றாலும் சரி. அவர் இல்லாமல் வருகிற முதல் உத்திரம் இது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீயும் பிள்ளைகளுமாவது வாருங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு தொடங்குகிற அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடு. பொங்கல் வைக்க அம்பை 16 பச்சரிசி எடுத்து வைத்திருக்கிறாள் உன் அம்மா.

அன்புடன்,
அப்பா