பாஸ்வேர்டு போட்ட கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

32 ஆண்டுகள் கட்டட டிசைன் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஸ்ரீரங்கத்தில் ஓய்வாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் சிவில் இறுதியாண்டு படிக்கிறான். போன வாரம் தன் புராஜெக்டுக்கான எக்செல் கோப்பைக் கொண்டுவந்து காட்டினான். சீனியர் ஒருவர் கொடுத்ததாம். "இந்த நம்பர் எப்படி வந்தது?" என்று கேட்டேன். "தெரியல தாத்தா, கட்டத்தைத் தொட்டா பாஸ்வேர்டு கேக்குது" என்றான். அதனால்தான் இந்தக் கடிதம்.

2008-ல் சென்னையில் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். அங்கேயும் இப்படியொரு பூட்டிய கோப்பு இருந்தது. எழுதியவர் எப்போதோ துபாய் போய்விட்டார். ஒரு நான்கு மாடிக் குடியிருப்புக்கு அது கொடுத்த தூண் கம்பி எனக்குக் குறைவாகப் பட்டது. கண்ணுக்குப் பட்டது, அவ்வளவுதான். சந்தேகத்தில் கையால் போட்டுப் பார்த்தேன். நிலநடுக்க விசை என் கணக்கில் 1.6 மடங்கு வந்தது. காரணம் சின்னது. நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893. அதன் 2002 திருத்தத்தில் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. விசைக் கணக்கில் பெருக்கும் மண்டலக் காரணி 0.10 அல்ல, 0.16. கோப்பின் மறைந்த ஒரு கட்டத்தில் சென்னை இன்னும் இரண்டாம் மண்டலமாகவே உட்கார்ந்திருந்தது. அந்தக் கோப்பு வழியாக அதற்கு முன் எத்தனை கட்டடங்கள் போயின என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை.

பென்சிலில் கணக்குப் போட்ட காலத்தில் இப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. எஸ்.பி. 16 என்ற கான்கிரீட் வடிவமைப்புக் கையேட்டின் வரைபடத்தில் எந்தக் கோட்டைப் படித்தோம் என்பதைக்கூட ஓரத்தில் எழுதுவோம். மேலதிகாரி சிவப்பு மையால் வரிக்கு வரி டிக் அடிப்பார். (அந்த டிக்குகளுக்குப் பயந்தே பாதி வேலை கற்றேன்.)

இன்றைக்கும் வழி இல்லாமல் இல்லை. மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான ஓஸ்டாக் என்ற திறமூல மென்பொருள், எஃகுக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800 விதிப்படி எஃகு இணைப்புகளையும் உறுப்புகளையும் வடிவமைக்கிறது. விடையோடு நிற்காமல், ஒவ்வொரு சரிபார்ப்பும் எந்த விதியின்படி என்பதையும் அறிக்கையாகத் தருகிறது. நிரலையே யாரும் திறந்து படிக்கலாம். குடிநீர்க் குழாய்க் கணக்குக்கு ஈபாநெட் என்ற மென்பொருள் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-ல் வெளியிட்டது, அதுவும் இலவசமே.

நம் ஊரில் சிறுபாலம், தாங்குசுவர், மேல்நிலைத் தொட்டி எல்லாம் திரும்பத் திரும்பக் கட்டப்படுபவை. ஒரே அளவுப் பாலத்துக்கு ஊருக்கு ஒருவர் புதிதாகக் கணக்குப் போடுகிறார், இல்லையென்றால் யாரோ பூட்டிவைத்ததைப் பயன்படுத்துகிறார். அரசுத் துறைகளும் பொறியியல் கல்லூரிகளும் இந்தக் கணக்குகளை விதி எண்ணோடும் திருத்தத் தேதியோடும் பொதுவில் வைக்கலாமே? ஒருவர் பிழை கண்டால் எல்லோருக்கும் திருந்தும்.

"எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் எங்கள் பிழைப்பு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சரி, நியாயமான கேள்விதான். ஆனால் சூத்திரம் நூலில் இருக்கிறது. தோண்டிய குழியில் கரிசல் மண்ணைப் பார்த்ததும் டிசைனை மாற்றத் தெரிவதற்குத்தான் நமக்குக் காசு. கையெழுத்துப் போடுகிறவரின் பொறுப்பும் இதனால் குறையாது. இரவல் கணக்கானாலும் ஒரு தடவை கையால் சரிபார்க்காமல் வரைபடத்தை வெளியே அனுப்பக் கூடாது.

பையன் இப்போது வெற்றுக் கோப்பில் முதலிலிருந்து எழுதுகிறான். பாஸ்வேர்டு கிடையாது, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் விதி எண். நேற்று கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதியின் 34-ஆவது பிரிவு, ஃபூட்டிங் (தூணின் அடித்தளம்) வரை வந்திருந்தான். ஓரிடத்தில் மீட்டருக்குப் பதில் மில்லிமீட்டர் போட்டிருந்தான். திறந்த உடனே தெரிந்தது, இருவரும் சிரித்துக்கொண்டே திருத்தினோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.