மெசேஜ் வந்தது, அலாரம் அடிக்கவில்லை: கைபேசி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கைபேசி நிறுவனங்களின் மென்பொருள் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் பேட்டரி சேவர் என்ன செய்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனவே போன வாரம் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் தோட்டக்காரருக்கு எஸ்எம்எஸ் போகும். கடன் விளம்பரத்துக்கும் அதே 'டிங்' என்பதால் தூக்கத்தில் யாரும் அதை மதிப்பதில்லை. அந்த எண்ணிலிருந்து வந்தால் மட்டும் ஊரே எழும்படி அலறும் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். ராத்திரி 1.10க்கு மெசேஜ் வந்தது. செயலி மூச்சு விடவில்லை. விடிந்து பார்த்தபோது கரண்ட் போய்விட்டது.

"மெசேஜ் வந்திருக்குதுங்க தம்பி, உங்க ஆப்பு ஏனுங்க கத்தல?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

படுக்கும் முன் திரையிலிருந்த செயலிகளையெல்லாம் மேலே தள்ளிவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். சாதாரண ஆண்ட்ராய்டில் அதனால் ஒன்றும் ஆகாது. எஸ்எம்எஸ் வந்தால், செயலிக்குள் அதற்காகவே காத்திருக்கும் 'ரிசீவர்' என்ற பகுதி எழும். 2017இல் ஆண்ட்ராய்டு 8 பின்னணி வேலைகளுக்குக் கடிவாளம் போட்டபோதுகூட எஸ்எம்எஸ்ஸுக்கு விலக்குக் கொடுத்தது. உங்கள் போனிலோ பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, தள்ளியதே ஃபோர்ஸ் ஸ்டாப் ஆகிறது, அதாவது செயலி அடியோடு முடக்கப்படுகிறது. பிறகு அவரே செயலியைத் திறக்கும்வரை அதற்கு எதுவும் எட்டாது. எண்ணைப் பார்த்து அலாரத்தைத் தட்டிவிட எங்களுக்கு ஒரு நொடிகூட வேண்டாம். அதில் எவ்வளவு பேட்டரியைக் குடித்துவிடுவோம்?

கேட்பது ஒன்றுதான். பயனாளர் தானே எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்த செயலிக்கு, எஸ்எம்எஸ் வந்ததைச் சொல்லிவிடுங்கள்.

ஓடிபி திருடர்களைப் பற்றிச் சொல்வீர்கள். நியாயம். அதற்காகத்தான் 2019 முதல் ப்ளே ஸ்டோரில் இந்த அனுமதிக்குக் காரணம் எழுதிக் கொடுக்கிறோம். செயலி தானாக எழ அனுமதிக்கும் 'ஆட்டோஸ்டார்ட்' பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். ஒவ்வொரு மாடலிலும் அது ஒவ்வொரு மூலையில் ஒளிந்திருக்கிறது. கீறல் விழுந்த திரையில் அவர் அதைத் தேட, நான் போனில் வழி சொல்ல, இருபது நிமிடம் போனது. ஆனால் நடுராத்திரியில் 'குப்பைக் கோப்புகளை நீக்குங்கள்' என்று கூப்பிடும் உங்கள் சொந்தச் செயலியை மட்டும் எந்த சேவரும் தொடுவதில்லை. அதற்குப் பேட்டரி தேவைப்படாது போலிருக்கிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

உதவி மையத்துக்கு எழுதினேன். போனை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன செயலி ரீஸ்டார்ட்டுக்கும் எழாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தயவுசெய்து அடுத்த அப்டேட்டிலாவது, அனுமதி உள்ள செயலிக்கு எஸ்எம்எஸ் போய்ச் சேர விடுங்கள். அதுவரை, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மணிக்கொருமுறை எழுந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அந்தச் செயலியை எழுதியவன்