அக்காவுக்கு, துரை கடிகாரம் பற்றி

அக்கா,

நாளை அப்பாவுக்குத் திதி. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. நான் சொன்ன பொய் உன்னோடு நிற்கவில்லை, அத்தை வீடு, சித்தப்பா வீடு, மேட்டுப்பாளையத்துச் சொந்தம் வரைக்கும் போய்விட்டது. அவர்களும் படிக்கட்டும். துரை கடிகாரத்தை அப்பா விற்கவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்திப் பாயைச் சுருட்டக்கூட இல்லை, கடிகாரம் எங்கே என்று நீ கேட்டுவிட்டாய். "அப்பா எப்பவோ வித்துட்டார்க்கா" என்று வாயில் வந்துவிட்டது. குடிக்கிற மனுஷன், விற்றிருப்பார் என்று எல்லோரும் நம்பினார்கள். அவர் படத்தைப் பார்த்து நீ சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். அதற்கப்புறம் ஒரு திதிக்கும் நீ வரவில்லை.

1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில், மரப்பாலத்தில் மண் சரிந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? அப்பா மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியிருந்தார். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. தாத்தா டிரங்குப் பெட்டியைத் திறந்து கடிகாரத்தை எடுத்து உன் கையில் கொடுத்தார். வெள்ளைக்காரக் கர்னல் துரையின் பேரும் பட்டாளத்தின் பேரும் பொறித்த உள்மூடியை அன்று யாரும் பார்க்கவில்லை. ஓரத்து நெம்பை நீ தள்ளினாய். உள்ளே ஏதோ முறுக்கிக்கொள்கிற சத்தம், அப்புறம் தங்கத்துக்குள்ளிருந்து மணி. பத்து தடவை ஒற்றையாக, பிறகு மூன்று தடவை இரட்டையாக. ஒற்றை அடி ஒரு மணி, இரட்டை அடி கால் மணி. "பத்தே முக்கால்டா" என்றாய். என்னை எண்ண வைத்தாய். எண்ணிக்கொண்டிருந்தால் அழமாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் மடியிலேயே தூங்கிப்போனேன். நீ விடியவிடியத் தள்ளித்தள்ளிக் கேட்டுக்கொண்டிருந்தாயாம், அம்மா சொன்னாள். மறுநாள் மதியம் முழங்கால்வரை சேறோடு அப்பா நடந்தே வந்தார். ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டது நீதான்.

அந்த மணிக்காகத்தான் மறைத்தேன். நீ உன் பெண்ணின் கல்யாணச் செலவுக்குக் கேட்டாய், கொடுத்தால் உருக்கிவிடுவார்கள் என்று பயம். இப்படிச் சொன்னால் நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் முழு உண்மை அது இல்லை. போன வருஷம் எனக்கு முடை வந்தபோது நானே நகைக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் உள்மூடி முத்திரையை லென்ஸில் பார்த்தார். கிரீடம், 18 என்ற எண், சிறுத்தைத் தலை. லண்டனில் சோதித்த 18 காரட். "நம்ம 916 இல்லைங்க, நூற்றுக்கு எழுபத்தஞ்சுதான். மெஷினைக் கழட்டிட்டு எடை போடலாம்" என்றார். நூறு வருஷத்துக்கு மேலான பல்சக்கரங்கள் அவருக்குக் கழிவு. பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் பெண்ணுக்குக் கொடுக்க மறுத்ததை எனக்காக விற்கப் போனவன் நான். இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இருட்டில் மணி தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலைப்பாடே. முன்பு உள்ளே குட்டி மணி வைத்தார்கள். பாரிஸில் இருந்த ப்ரெகே என்ற கடிகாரக்காரர் 1783-இல் அதற்குப் பதிலாக வளைந்த எஃகுக் கம்பியைப் பொருத்தினார். கடிகாரம் மெலிந்தது, ஓசை இனித்தது. 1798-இல் எகிப்துக்குப் படையோடு கிளம்புமுன் நெப்போலியன் அவரிடம் வாங்கியவற்றில் மணியடிக்கும் கடிகாரமும் உண்டு. ப்ரெகேயின் இன்னொரு கடிகாரம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பிரான்ஸ் ராணி மேரி அந்துவானெத்துக்காக, அவளுடைய காவல்படை அதிகாரி ஒருவர் சொல்லிச் செய்ததாகச் சொல்வார்கள். 1827-இல் முடிந்தபோது ராணியும் இல்லை, ப்ரெகேயும் இல்லை. 1983-இல் ஜெருசலேம் அருங்காட்சியகத்திலிருந்து திருடு போனது. எடுத்தவன் அதை விற்கவே இல்லை. சாகிற நேரத்தில் மனைவியிடம் சொன்னான், அப்புறம்தான் திரும்பக் கிடைத்தது. அதைப் படித்த ராத்திரி பீரோவைத் திறந்து வெகுநேரம் நின்றேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்பா படுக்கையில் கிடந்த பதினோரு மாதத்தில் எத்தனை நாள் வந்தாய்? மலத்துணி அலசியது நான். கடிகாரம் எங்கே என்று கேட்கத் தெரிந்த உனக்கு, கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று கேட்கத் தோன்றவில்லையே. உன் பேரைத்தான் சொன்னார். அதை நான் சொல்லாமல் வைத்திருந்ததும் தப்புதான். உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன். உன்னுடையது. விற்றாலும் கேட்க மாட்டேன், உருக்க மட்டும் கொடுக்காதே. கோயம்புத்தூரில் ஒரு பெரியவரிடம் காய்ந்த எண்ணெயைத் துடைத்து ஓடவைத்திருக்கிறேன். முள்ளைத் திருப்பும்போது நெம்பைத் தொடாதே. மணி கேட்க வேண்டுமென்றால் கடைசிவரை தள்ளு, பாதியில் விட்டால் அடிக்காது.

தம்பி